முதல் வெக்ஸ்ஃபோர்ட் நாவல்: இப்போது படித்தால் நிற்கிறதா?

குளத்தங்கரை

ரூத் ரெண்டலின் 'ஃப்ரம் டூன் வித் டெத்' முடித்து இரண்டு நாளாகிறது. 1964-இல் வந்த புத்தகம். அவருக்கும் முதல் நாவல், இன்ஸ்பெக்டர் வெக்ஸ்ஃபோர்ட் வரிசைக்கும் முதல் நாவல். நடுவிலிருந்து நாலைந்து ஏற்கெனவே படித்திருக்கிறேன், ஆரம்பத்துக்கு இப்போதுதான் வந்தேன்.

தெரியாதவர்களுக்குக் கதைச் சுருக்கம். இங்கிலாந்தின் தெற்கே சசெக்ஸில் கிங்ஸ்மார்க்கம் என்றொரு கற்பனைச் சிற்றூர். அங்கே மார்கரெட் பார்சன்ஸ் என்ற குடும்பத்தலைவி ஒரு சாயங்காலம் வீட்டில் இல்லை. கணவர் குடிநீர் வாரியத்தில் வேலை பார்க்கிற சாதுவான ஆள். பக்கத்தில் குடியிருக்கும் இன்ஸ்பெக்டர் பர்டனிடம் போய்ப் புலம்புகிறார். பதறாதீர்கள், வந்துவிடுவார் என்கிறார் பர்டன். அவர் வரவில்லை. கழுத்து நெரிக்கப்பட்ட உடல்தான் ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவே கிடைக்கிறது.

எனக்குப் பிடித்தது இதுதான்: செத்துப்போனவரைப் பற்றிச் சொல்ல யாரிடமும் ஒன்றுமில்லை. அழகி இல்லை, பணமில்லை, எதிரி இல்லை. பூச்சு, சாயம் எதுவும் கிடையாது. வேலைக்குப் போகிற கணவருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, தேவாலயத்துக்குப் போய்வந்துகொண்டு இருந்தவர். இவரைக் கொல்ல யாருக்கு என்ன இருக்கிறது? ஆனால் உடல் கிடந்த இடத்தில் விலை உயர்ந்த உதட்டுச்சாயம் ஒன்று கிடக்கிறது. வீட்டுப் பரணில் பெட்டி நிறையக் கவிதைப் புத்தகங்கள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் 'மின்னா'வுக்கு உருகி உருகி யாரோ எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து: டூன்.

முதல் பாதி அபாரம். முடிவுதான் கேள்வி. அன்று அது பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கும். இன்று? படித்தவர்கள் சொல்லுங்கள். முடிவை உடைக்காமல் பேசுவோம், முடிந்தவரை.

புதுவரவு

படித்ததில்லை. இந்த வரிசையை எங்கே தொடங்கலாம் என்று தேடித்தான் வந்தேன். முதலிலிருந்தே தொடங்கலாமா?

கறார் கணக்கு

வேண்டாம். முதல் நாவலில் வெக்ஸ்ஃபோர்ட் இன்னும் வெக்ஸ்ஃபோர்ட் ஆகவில்லை. ஐம்பத்திரண்டு வயது, வாட்டசாட்டமான உடம்பு, கொஞ்சம் முரட்டுப் பேச்சு. அவ்வளவுதான். மனைவி டோரா, இரண்டு மகள்கள், மகள்களோடு ஓயாத வாக்குவாதம், இதெல்லாம் பின்னால் சதை பிடித்தவை. ரெண்டல் வரிசையாக எழுதத் திட்டமிட்டு இதை எழுதவும் இல்லை. தொடர்வோம் என்று தெரிந்திருந்தால் ஆளை இளமையாகப் படைத்திருப்பார். 1964-இல் ஐம்பத்திரண்டு வயதானவரை 2013 வரை இழுத்துக்கொண்டு போனார் பாருங்கள், 24 நாவல்! இயற்கைக் கணக்குப்படி அவருக்கு நூறு தாண்டியிருக்க வேண்டும். நடுவில் ஓய்வு மட்டும் கொடுத்தார்.

என் யோசனை: 'எ ஸ்லீப்பிங் லைஃப்' அல்லது 'சிமிசோலா'வில் தொடங்குங்கள். முதல் புத்தகத்துக்குப் பிறகு வரலாம்.

நள்ளிரவு வாசகி

கறார் அண்ணா சொல்வதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன். புதுவரவு, இதிலேயே தொடங்குங்கள். சின்னப் புத்தகம், ஒரே இரவில் முடிந்துவிடும். பிற்காலத்து நாவல்கள் கனமானவை. சிமிசோலா 1994-இல் வந்தது, நிறவெறியும் வீட்டு வேலைக்கு அடிமையாக வைத்திருப்பதும் அதில் வருகின்றன. நல்ல நாவல்தான். ஆனால் கிங்ஸ்மார்க்கம் மாறிப்போனதை உணர வேண்டுமென்றால் மாறுவதற்கு முந்தைய கிங்ஸ்மார்க்கம் தெரிய வேண்டாமா? முதல் புத்தகத்தில் அது எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர். கார் வியாபாரி, வழக்கறிஞர், அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே வட்டம். அந்த வட்டத்துக்கு வெளியே, சின்ன வீட்டில், பார்சன்ஸ் தம்பதி.

அந்த உதட்டுச்சாயத்தை வைத்துக்கொண்டு பர்டன் அலைவதைப் பாருங்கள். அந்த விலைக்கு ஊரில் யார் வாங்குவார்கள் என்ற கேள்வியே அவரை நேராகப் பணக்கார வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. மாவட்டம் முழுக்க அலசத் தேவையில்லை. சிற்றூர்ப் போலீஸ் கதையின் ருசியே இதுதான் என்பேன்.

தென்கரை

நான் இருப்பது ஹாம்ப்ஷயர் பக்கம். இந்த வரிசைக்காகவே ஒரு சனிக்கிழமை மிட்ஹர்ஸ்ட் போய் வந்தேன். கிங்ஸ்மார்க்கமுக்கு மாதிரி அந்த ஊர்தான். மேற்கு சசெக்ஸ், ரோதர் ஆறு, பழைய சந்தைச் சதுக்கம், சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகள். பக்கத்தில் 1793-இல் தீப்பிடித்து எரிந்த கௌட்ரே மாளிகையின் இடிபாடு. அந்த எஸ்டேட்டுக்குச் சொந்தமான வீடுகளின் ஜன்னல் சட்டத்துக்கெல்லாம் ஒரே மஞ்சள் வண்ணம் அடித்திருப்பார்கள். ஊருக்குள் நடந்துகொண்டே எது யார் சொத்து என்று எண்ணிவிடலாம். நள்ளிரவு அக்கா சொன்ன வட்டம் எனக்கு அந்த மஞ்சளில்தான் புரிந்தது.

டிவி தொடரைப் பார்த்தவர்கள் மிட்ஹர்ஸ்ட் போய் ஏமாறாதீர்கள். படப்பிடிப்பு நடந்தது எங்கள் பக்கத்து ரோம்ஸியில். 1987-இல் தொடங்கியது, ஜார்ஜ் பேக்கர்தான் வெக்ஸ்ஃபோர்ட். அவருக்கு மனைவியாக நடித்த லூயி ராம்சேயைப் பின்னால் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார். ரோம்ஸி சந்தையில் பாமர்ஸ்டன் பிரபுவின் சிலை இருக்கும், அதைச் சுற்றி வெக்ஸ்ஃபோர்டின் கார் போவதை எத்தனை தடவை பார்த்தேனோ.

பழைய பேப்பர்

என்னிடம் இருப்பது நடைபாதையில் வாங்கின பிரதி. அட்டை கிழிந்து செல்லோ டேப் ஒட்டியிருக்கிறது. டேப் பழுப்பேறி, தொட்டால் பொரிகிறது. முதல் பக்கத்தில் நீல மையில், சாய்ந்த ஆங்கில எழுத்தில், 'எம்முக்கு, மழை நாளுக்காக. என்றும் உன் ஆர்.' என்று எழுதியிருக்கிறது. கீழே 1979. யாரோ ஒருவன் தன் காதலிக்குக் கொடுத்திருக்கிறான். அவள் அதை எடைக்குப் போட்டிருக்கிறாள். டூன் கொடுத்த புத்தகங்கள் பரணுக்குப் போனதைப் படித்தபோது இந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

குளத்தங்கரை

ஐயா, இதற்கு மேல் அந்தப் புத்தகத்துக்கு என்ன விமர்சனம் வேண்டும்!

கறார் கணக்கு

உணர்ச்சிவசப்படாமல் ஒரு தகவல். ரெண்டல் முதலில் பதிப்பாளருக்கு அனுப்பியது வேறொரு நாவல், நகைச்சுவை வகை. அது வேண்டாம், வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்ததை எடுத்து நீட்டினார். அதுதான் இது. 75 பவுண்டு கொடுத்தார்கள். அதற்கு முன் உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராக இருந்தவர். டென்னிஸ் கிளப் ஆண்டு விருந்துக்குப் போகாமலே செய்தி எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த விருந்தில் பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனது தெரியவில்லை. வேலை போயிற்று, அதாவது தானே எழுதிக் கொடுத்துவிட்டார்.

நள்ளிரவு வாசகி

சாவைக் கவனிக்காமல் வேலையை விட்டவர் சாவை எழுதியே பிழைத்தார். சரி, முடிவைப் பற்றிப் பேசாமல் இந்த இழை நகராது போலிருக்கிறது. குளத்தங்கரை, அனுமதி உண்டா?

குளத்தங்கரை

உண்டு. படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே முடிவு உடைகிறது. புதுவரவு, போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

புதுவரவு

போகிறேன். (போகவில்லை.)

நள்ளிரவு வாசகி

டூன் ஒரு பெண். வழக்கறிஞரின் மனைவி ஃபேபியா. பள்ளி நாளில் மார்கரெட்டை நேசித்தவள். போலீஸும் நாமும் புத்தகம் முழுக்க ஓர் ஆணைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இன்று படிக்கிறவர்கள் பாதியிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள், அதனால் புத்தகம் பழசாகிவிட்டது என்பதுதான் பொதுவான குறை. எனக்கு அது குறையாகப் படவில்லை. கண்டுபிடித்த பிறகு திரும்பப் படியுங்கள். அந்த வரிகளில் ஏமாற்று ஒன்றுகூட இல்லை. எழுதியவள் எதையும் ஒளிக்கவில்லை. படிக்கிற போலீஸ்காரர்கள்தான் தாங்களாக ஓர் ஆணை உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

கறார் கணக்கு

எனக்கு வேறு குறை. ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசித்தால் அவள் கடைசியில் மனம் பேதலித்துக் கொலைகாரியாக வேண்டும் என்பது அந்தக் காலக் கதைகளின் வாடிக்கை. ரெண்டலும் அதே தடத்தில்தான் போகிறார். அதை மறைக்க வேண்டாம்.

தென்கரை

ஒப்புக்கொள்கிறேன், பாதி. காலத்தையும் பார்க்க வேண்டும். 1964-இல் இங்கிலாந்தில் இரண்டு ஆண்கள் சேர்ந்திருந்தால் சிறை. அது மாறியது 1967-இல்தான், அதுவும் இருபத்தொரு வயதுக்கு மேல், நாலு சுவருக்குள். பெண்களுக்கு அப்படிச் சட்டமே இருந்ததில்லை. 1921-இல் கொண்டுவரப் பார்த்தார்கள், பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. சட்டம் போட்டால் இப்படி ஒன்று உண்டென்று பெண்களுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் அவர்கள் கவலை! நாவலின் புதிர் நிற்பதும் இதே மௌனத்தின் மேல்தான். அதைப் பற்றிப் பேச்சே இல்லாததால்தான் வெக்ஸ்ஃபோர்டுக்கே அது உடனே தோன்றவில்லை.

அந்தப் பள்ளிப் பருவத்துப் பிரியத்தை ரெண்டல் கேலி செய்யவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஃபேபியா பேசப் பேச, எனக்கு மார்கரெட்மேல்தான் கொஞ்சம் எரிச்சல் வந்தது. கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு பரணில் போட்டவர் அவர்.

கறார் கணக்கு

செத்தவர்மேல் எரிச்சல் வருவதுதான் என் புகாரே. புத்தகம் அப்படி வரவைக்கிறது.

நள்ளிரவு வாசகி

வரவைத்துவிட்டு நம்மைச் சங்கடப்படவும் வைக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா.

குளத்தங்கரை

எனக்கொரு சந்தேகம். அந்த வருடம் தூக்கு இருந்ததே? கொலையாளி பிடிபட்டால் தூக்குத்தான் என்ற பயம் புத்தகத்தில் ஏன் பெரிதாக இல்லை?

தென்கரை

1957-இலேயே சட்டத்தைச் சுருக்கிவிட்டார்கள். திருடும்போது செய்த கொலை, துப்பாக்கியாலோ வெடிமருந்தாலோ செய்த கொலை, போலீஸையோ சிறைக்காவலரையோ கொல்வது, இப்படிச் சில வகைக்கு மட்டும் தூக்கு. கழுத்தை நெரித்தால் அது மட்டுமே போதாது, ஆயுள் தண்டனைதான். விசித்திரமான கணக்கு. கடைசித் தூக்கு 1964 ஆகஸ்ட் 13-இல், ஒரே காலையில் இரண்டு ஊரில் இரண்டு பேர். மறு ஆண்டே கொலைக்கான தூக்கை நிறுத்திவிட்டார்கள். நாவல் வெளியானது சரியாக அந்த முட்டுச்சந்தில்.

விசாரணை நடக்கிற விதத்தையும் கவனியுங்கள். வெக்ஸ்ஃபோர்டும் பர்டனும் யார் வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள். ஒலிப்பதிவு கிடையாது. அதற்கெல்லாம் கட்டுத்திட்டம் வந்தது 1984-இல் போட்ட சட்டத்துக்குப் பிறகு. வழக்கு நடத்துவதும் அப்போது பெரும்பாலும் போலீஸ் கையில்தான், தனி அரசு வழக்குத் துறை 1986-இல்தான் இயங்க ஆரம்பித்தது. ஓர் ஊர் ஸ்டேஷனின் தலைமை இன்ஸ்பெக்டருக்கு அன்று இருந்த கை நீளம் இன்று யாருக்கும் கிடையாது.

மொழிபெயர்ப்புப் பித்தன்

தாமதமாக வருகிறேன். இந்த நாவலைத் தமிழில் செய்து பார்க்க வேண்டும் என்று பொழுதுபோக்காக இரண்டு அத்தியாயம் முயன்றேன். உரிமை, பதிப்பு எதுவும் இல்லை, மேஜைக்குள் கிடக்கிறது. என்ன சிக்கல் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்: தமிழ் வினைச்சொல்.

டூன் எழுதிய வரிகளில் பிரச்சினை இல்லை. 'நினைத்தேன்', 'காத்திருந்தேன்' என்று தன்மையில் எழுதினால் ஆணா பெண்ணா என்று தெரியாது. இந்தியில் செய்கிறவர் பாவம், முதல் வரியிலேயே 'காத்திருக்கிறேன்' என்று எழுதப் போனால் வினையின் வால் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் போலீஸ்காரர்கள் டூனைப் பற்றிப் பேசும்போது? ஆங்கிலத்தில் 'ஹீ' என்பார்கள். அது அவர்களுடைய ஊகம், ஆசிரியரின் பொய் இல்லை. தமிழில் 'அவன்' என்று போடலாம், நேர்மைதான். ஆனால் ஒவ்வொரு வினையிலும் 'எழுதியிருக்கிறான்', 'கொடுத்திருக்கிறான்' என்று ஆன், ஆன் என்று ஆணியடிக்கிறது. ஆங்கிலத்தில் பட்டும் படாமல் இருப்பது தமிழில் சத்தியம் செய்வதுபோல் ஆகிவிடுகிறது.

குளத்தங்கரை

'அவர்' என்று போட்டுவிடுங்கள். பால் தெரியாது.

மொழிபெயர்ப்புப் பித்தன்

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கொலைச் சந்தேகத்தில் இருக்கிற ஆளை எந்தப் போலீஸ்காரர் 'அவர்' என்பார்? தமிழ் வாசகர் உஷாராகிவிடுவார். இவ்வளவு மரியாதை எதற்கு, எதையோ ஒளிக்கிறான் மொழிபெயர்ப்பாளன் என்று மூன்றாம் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்.

நள்ளிரவு வாசகி

நாலு தடவை சிரித்தேன். உண்மை! எந்த ஸ்டேஷனில் மரியாதை கிடைத்தாலும் சந்தேகம் வர வேண்டியதுதான்.

இன்னொரு கண்ணி இருக்கிறது, பார்த்தீர்களா? டூன் மின்னாவுக்கு எழுதுவதில் எங்காவது ஒரு 'டி' விழுந்தால் கதை முடிந்தது. தோழிக்கு எழுதுகிறவள் 'என்னடி', 'வாடி' என்று எழுதாமல் இருப்பாளா? எங்கள் ஹாஸ்டலில் 'டி' இல்லாமல் ஒரு சீட்டு கிடையாது.

மொழிபெயர்ப்புப் பித்தன்

அதைத்தான் கடைசியில் பிடித்துக்கொண்டேன். டூன் 'டி' போட மாட்டாள். சுத்தமான 'நீ' மட்டும். கவிதைப் புத்தகத்தில் எழுதுகிற மொழி, பேச்சுக்குக் கீழே இறங்காத மொழி. இரண்டாம் முறை படிக்கிற வாசகிக்கு அந்த இல்லாத 'டி' உறுத்த வேண்டும். அது தோழமை இல்லை, வேறு ஒன்று என்று.

போலீஸுக்கு 'அவன்' என்றே வைத்தேன். ஆனால் முடிந்த இடத்திலெல்லாம் வினையை எச்சமாக்கிவிட்டேன். 'டூன் எழுதிய வரி', 'டூன் கொடுத்த புத்தகம்'. பெயரெச்சத்துக்குப் பால் இல்லை, எனக்குத் தலைவலியும் இல்லை. மலையாளத்தில் வினையில் பாலே கிடையாது, அந்த மொழிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

கறார் கணக்கு

தலைப்பை என்ன செய்தீர்கள்? 'டூனிடமிருந்து மரணத்துடன்' என்றால் பஸ் டிக்கெட் மாதிரி இருக்கும்.

மொழிபெயர்ப்புப் பித்தன்

ஒரு வாரம் யோசித்தேன். ஆங்கிலத்தில் அது அன்பளிப்பில் எழுதுகிற வாசகத்தின் திருகல். இன்னாரிடமிருந்து, அன்புடன் என்பதில் அன்பை எடுத்துவிட்டுச் சாவை வைத்திருக்கிறார். நம் கடிதத்தில் அந்த இடம் எது? கடைசி வரி. 'அன்புடன்,' போட்டுக் கீழே பெயர். ஆகவே என் தலைப்பு: 'மரணத்துடன், டூன்'. காற்புள்ளி முக்கியம்.

தென்கரை

அட! மேஜையைத் திறந்து அதை வெளியே எடுங்கள் சார்.

கறார் கணக்கு

தலைப்புக்கு முழு மதிப்பெண். நாவலைப் பற்றிய என் புகார் அப்படியேதான் நிற்கிறது.

புதுவரவு

எல்லாவற்றையும் படித்துவிட்டேன், மன்னிக்கவும். இருந்தாலும் புத்தகத்தை வாங்கப்போகிறேன். முடிவு தெரிந்து படித்தால்தான் அந்த வரிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்க முடியும் போலிருக்கிறது. ஒரு கேள்வி, பழைய பேப்பர் ஐயாவுக்கு. உங்கள் பிரதியில் 'எம்முக்கு, என்றும் உன் ஆர்' என்றுதானே இருக்கிறது? அதை எழுதியது 'ஒருவன்' என்று எப்படித் தெரிந்தது?

பழைய பேப்பர்

எழுந்துபோய் எடுத்துப் பார்த்தேன். நீல மை, சாய்ந்த எழுத்து, 1979. வேறு எதுவும் இல்லை.

என் பதிவில் 'ஒருவர்' என்று திருத்தலாம் என்று போனேன். திருத்தும் நேரம் முடிந்துவிட்டதாம்.